மண்டபத்துக்கு வராதவர்கள்

கொள்ளிடக் கரையில் இருந்த சிறிய மடத்துக்கு ஊராட்சித் தலைவர் செங்கமலம் ஒரு கோப்புடன் வந்தாள். மடத்தின் குருவுக்கு அவளைவிட வயது குறைவு. இருந்தாலும் அவரிடம் கேட்காமல் எதையும் செய்யமாட்டாள்.

“நாளைக்குக் காலையில அணையைத் தொறக்கறாங்க ஐயா. எச்சரிக்கைக் குழு, மீட்புக் குழு, சாப்பாட்டுக் குழு எல்லாம் போட்டாச்சு. முந்தாநாள் ஒத்திகை. கோயில் மண்டபத்துக்கு நூத்தித் தொண்ணூறு பேர் வந்து கையெழுத்துப் போட்டாங்க. இன்னும் என்ன செய்யணும்?”

“யாரெல்லாம் வரல?”

அவள் தாள்களைப் புரட்டினாள்.

“அது இதுல இல்லையே.”

“வராதவங்க எங்க கையெழுத்துப் போடுவாங்க, தலைவரே? வாங்க, பார்த்துட்டு வரலாம்.”

படுகைத் தெருவில் வீடு வீடாக விசாரித்தார்கள். இரண்டு வீட்டார் வந்திருக்கவில்லை. ஒன்றில் ஆறு நாளுக்கு முன் ஒரு சாவு. பதினாறு முடியட்டும் என்றார்கள். மற்றதில் பவுனு, ஒன்பது நாள் குழந்தையுடன் படுத்திருந்தாள்.

“வேன் அனுப்பினேனே, ஏன் வரல?” என்றாள் செங்கமலம்.

“மண்டபத்துல உற்சவ அம்மன் இருக்காளே அக்கா. தீட்டோட எப்படி ஏறுவேன்?”

“தண்ணி உள்ள வந்தா?”

“பரண் இருக்கு.”

செங்கமலம் அண்ணாந்து பார்த்தாள். மூங்கில் பரண். விறகின் பாரத்திலேயே நடுவில் தொய்ந்திருந்தது.

வெளியே வந்ததும் வெடித்தாள். “உயிர் போற நேரத்துல தீட்டா? போலீஸ வச்சுத் தூக்கிட்டு வரவா?”

“தண்ணி வடியறதுக்குள்ள திரும்பி நடந்துடுவா.”

“பள்ளிக்கூடம் அவ வீட்டைவிடப் பள்ளம். ஊர்ல மேடுன்னா கோயிலுக்கு வெளிய தனியா நிக்கற அந்த மண்டபம் ஒண்ணுதான். எனக்கு வேற வழி தெரியல.”

குரு மண்டபத்துக்கு நடந்தார். பூசாரி வீரபத்திரன் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பூசாரி, அம்மனுக்குத் தாய்வீடு எது?”

“கீரங்குடிக் கோயில். வருஷா வருஷம் ஆடியில போயி மூணு நாள் தங்கிட்டு வருவா.”

“இன்னிக்கு அனுப்பலாமா?”

“நல்லா கேட்டீங்க! இப்பத்தான போயிட்டு வந்தா. ஆடி முடிஞ்சு பத்து நாள்கூட ஆகல.”

“அம்மா வீட்டுக்குப் போக எந்தப் பொண்ணு மாசக் கணக்குப் பார்ப்பா?”

பூசாரி சிரித்தார். பிறகு அவருடைய சிரிப்பு மெல்ல நின்றது. செங்கமலத்தைப் பார்த்தார்.

“யாரு வரமாட்டேங்கறா?”

“பவுனு. அப்புறம் அந்தத் துக்க வீடு.”

“அம்மன் இங்க இல்லேன்னா...”

“வெறும் கட்டடம்” என்றார் குரு.

பூசாரி துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டிராக்டர் சொல்லப் போனார்.

சாயங்காலம் வண்டியில் ஏற்றி, குடை பிடித்து, அம்மனைக் கீரங்குடிக்கு அனுப்பினார்கள். வண்டி திருப்பத்தில் மறையும்வரை பவுனு தெருமுனையில் நின்றாள். பிறகு குழந்தையைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு மண்டபத்துப் படியேறினாள். அவளுக்குப் பின்னால் துக்க வீட்டுக்காரர்கள் வந்தார்கள்.

செங்கமலம் கோப்பைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள்.

“தாலுகா ஆபீஸுக்கு அறிக்கை போகணும் ஐயா. அம்மன் போனதை எதுல சேர்க்கறது?”

“வெளியேத்தினவங்க பட்டியல் இருக்கா?”

“இருக்கு.”

“அதுல முதல் பேரா எழுதுங்க.”