இங்கன பேசுது

குரு என்றால் தாடியும் கமண்டலமும் இருக்கும் என்று நினைப்போம். மரியசெல்வத்திடம் இருந்தவை கோட்டை வடிவில் ஒரு ஜம்பிங் பலூனும் அதற்குக் காற்றடிக்கும் ப்ளோயரும்தான். நெல்லைப் பக்கம் எந்த ஊரில் திருவிழா என்றாலும் மைதானத்தின் ஓரத்தில் அவளுடைய காற்றுக்கோட்டை நிற்கும். உள்ளே பிள்ளைகள் குதித்துக்கொண்டிருப்பார்கள்.

அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் நயினார், வயதில் அவளுக்கு மிகவும் மூத்தவர். வெகுகாலம் சைக்கிள் கடை வைத்துப் பஞ்சர் ஒட்டியவர். மனைவி உலகம்மாள் இறந்த பிறகு அந்தக் கடையைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் மரியசெல்வம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது கோட்டை விறைத்துக்கொண்டு நின்றது. குதித்த ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கி ஓரத்து வலையில் எறிந்தது. அவள் அழவில்லை. ஆனால் இறங்கிப் போய்விட்டாள்.

"என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"தையல் பூராவும் காத்து கசிஞ்சுது வாத்தியாரம்மா. சுத்தி ஒட்டுப் போட்டுட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னார். பஞ்சர் ஒட்டிய கை, கசிவைக் கண்டால் சும்மா இருக்குமா?

மரியசெல்வம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஒட்டுகளைப் பிய்த்துப் போட்டாள். தையல்கள் மறுபடி புஸ்ஸென்று மூச்சுவிட்டன.

"இது டியூப் இல்ல அண்ணாச்சி. பிள்ள விழும்போது கொஞ்சம் காத்து வெளிய போகணும். அப்பத்தான் பலூன் அமுங்கும்."

"போயிக்கிட்டே இருந்தா கோட்ட எப்படி நிக்கும்?"

"இது ஊதிக்கிட்டே இருக்குல்லா," என்று அவள் ப்ளோயரை நிறுத்தினாள். கோபுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் தரையில் வெறும் துணிக்குவியல்தான் கிடந்தது.

நயினார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உலகம்மா குரல் மறந்துக்கிட்டு வருது வாத்தியாரம்மா," என்றார். "முகம் இருக்கு. குரல்தான் போகுது. அவளப் பத்தி யார்கிட்டயும் பேசுதது இல்ல. பேசினா அழுதுருவேன். அழுது அழுது அவளும் தீந்து போயிருவாளோன்னு பயம். வாயப் பொத்தியே வச்சிருக்கேன். அப்படியும் போறாளே, என்ன செய்ய?"

மரியசெல்வம் துணிக்குவியலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கடையில அவங்களுக்கு என்ன வேல?"

"டியூபத் தண்ணியில முக்கிப் பாப்பா. குமிழி வந்ததும்..."



"வந்ததும்?"

"'இந்தா, இங்கன பேசுது'ம்பா."

ஓட்டை என்று உலகம்மாள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அது பேசும் இடம்தான். சொல்லி முடித்த நயினார் திடுக்கிட்டார். கடைசி வார்த்தையை அவள் இழுத்து இழுத்துச் சொல்வது அவர் காதில் அப்படியே கேட்டது.

மரியசெல்வம் எழுந்துபோய் ஸ்விட்சைப் போட்டாள். ப்ளோயர் உறுமியது. குவியல் புடைத்து, கோபுரங்கள் எழுந்தன. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் உலகம்மாளைப் பற்றி ஏதோ சொன்னார்.

"கேக்கல அண்ணாச்சி," என்றாள் மரியசெல்வம். "ப்ளோயர் ஓடுதுல்லா. சத்தமாச் சொல்லுங்க."