நல்லப்பன் குத்திய எழுத்து

“எம்பட எழுத்த எப்பத்தான் குத்தறதுங்க, அம்மிணி?” என்று கேட்டார் நல்லப்பன்.

கோகிலவாணி கையிலிருந்த இரும்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாமக்கல்லில் இருக்கும் அவளுடைய பட்டறைக்குத் தேய்ந்துபோன வண்டிச் சாமான்கள் வரும். அக்கக்காகப் பிரிப்பாள். கழுவுவாள். விரிசல் பார்ப்பாள். நல்ல இரும்பை வைத்துக்கொண்டு, தேயக்கூடியதை எல்லாம் புதிதாகப் போடுவாள்.

வெளியே போவது பழுது பார்த்த சாமான் அல்ல, இன்னொரு முறை செய்த சாமான். செய்தவர் தன் பெயரின் முதல் எழுத்தை அதன்மேல் எழுத்து உளி வைத்து அடித்துக் குத்த வேண்டும். எழுத்து உளிகள் அவளுடைய மேஜை இழுப்பறைக்குள் இருந்தன.

நல்லப்பன் அவளைவிட மூத்தவர். காலமெல்லாம் லாரி ஓட்டி, இடுப்பு கெட்டு, அவளிடம் தொழில் கற்க வந்தவர். கையில் வேகம் உண்டு. வாயில் அதைவிட அதிகம்.

அவர் தனியாளாகச் செய்து முடித்த முதல் சாமான், லாரியை வளைத்துத் திருப்புகிற ஸ்டீரிங் பாக்ஸ், அன்று மேஜைமேல் இருந்தது. அதில் எழுத்துக் குத்தக் கிடைத்தால் அவர் செய்கிறவர். இல்லாவிட்டால் இன்னும் கழுவுகிற ஆள்தான்.

பாக்ஸுக்குச் சொந்தக்காரர் செங்கோட்டுவேல் வந்தார். பார்த்ததும் முகம் சுளித்தார். என்ன செய்தாலும் பழசு பழசுதானே என்றார். தினமும் அன்னாசி ஏற்றிக்கொண்டு கொல்லிமலை வளைவுகளில் இறங்குகிறவன் நான், கடைக்காரனிடம் சொல்லிப் புதுசே வாங்கிக்கொள்கிறேன் என்று போனை எடுத்தார்.

“இது புதுச விட நல்லாருக்குமுங்க,” என்றார் நல்லப்பன்.

கோகிலவாணி நிமிர்ந்தாள்.

“அப்படீங்களாண்ணா?”

“சந்தேகமே வேண்டாம் அம்மிணி.”

“அப்ப அண்ணியையும் பேத்தியையும் வரச் சொல்லுங்க. இத இவரு வண்டில மாட்டி, அவங்கள உக்கார வச்சு மலைய ஏறி எறங்கிரலாம்.”

நல்லப்பன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பாக்ஸைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

இறுக்கிப் பூட்டியதை எதற்குக் கழற்றுகிறார் என்று செங்கோட்டுவேல் கேட்டார். நல்லப்பன் காதில் வாங்கவில்லை. மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு பேரிங்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பழைய பேரிங். புதிதாகப் போட்டிருக்க வேண்டியது. விரலால் சுண்டினால் இன்னும் சத்தமில்லாமல் சுற்றியது. சுற்றுகிற பேரிங்கை எந்த டிரைவருக்கும் தூக்கிப்போட மனசு வராது. நடுரோட்டில் இருப்பதை வைத்து ஒப்பேற்றிப் பழகிய கை, கழுவித் திரும்பவும் மாட்டிவிட்டது.

“இது ஓடுமுங்க,” என்றார் நல்லப்பன். “எதுவரைக்கும்னு எனக்குத் தெரியாது.”

கோகிலவாணி திட்டவில்லை. புதுப் பேரிங் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அதை மட்டும் மாட்டி மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. மிச்சத்தையும் முழுக்கப் பிரித்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து மறுபடி அடுக்கினார். வெட்கத்தில் முகம் தொங்கிப்போயிருந்தது. கை மட்டும் நிதானமாக வேலை செய்தது.

கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

“பாப்பாவக் கூட்டிட்டு பட்டறைக்கு வா. மலைக்குப் போலாம்.”

கோகிலவாணி மேஜை இழுப்பறையைத் திறந்தாள். ஓர் எழுத்து உளியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

ஒரே அடி. ‘ந’ விழுந்தது.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்ற செங்கோட்டுவேல், தன் போனில் ஒரு நம்பரை அழுத்தினார். கடைக்காரனைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்த நல்லப்பன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சின்னப்பொண்ணு, நல்ல சேலையாக் கட்டிட்டு நில்லு,” என்று மனைவியிடம் சொன்னார் செங்கோட்டுவேல். “நீயும் வா. கொல்லிமலை போறோம்.”