மூடியிருந்த தாழி

கேளுங்கள். பாய்மரக் கப்பலைத் தவிர வேறு கப்பலே தெரியாத காலம் அது. கடலோரப் பட்டினம் ஒன்றை ஒரு அரசி ஆண்டு வந்தாள். அந்தப் பட்டினத்தில் வடிவுடையாள் என்று ஒருத்தி இருந்தாள்.

புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியவை இரண்டு வீடுகள். சின்ன வீட்டில் தான் இருந்துகொண்டு, பெரிய வீட்டை வாடகைக்கு விட்டாள். அந்த வாடகை வந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

குடிவந்தவள் செங்கமலம். அவுரி இலையை ஊறவைத்து, நூல் துணிக்கு நீலச் சாயம் ஏற்றுகிறவள். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினாள். பின்கட்டில் இடுப்பு உயரத் தாழி ஒன்றை வைத்து, இலையும் தண்ணீரும் நிரப்பி, வாயை மூடிக் களிமண்ணால் பூசினாள். உள்ளே சாயம் பழுக்கும்வரை காற்றுப் படக்கூடாது. பட்டால் சாயம் செத்துப்போகும்.

அன்றைக்குப் போனது வடிவுடையாளின் நிம்மதி. சுவரில் ஆணி அடிப்பாளோ, தரையில் சாயம் கொட்டுவாளோ, கிணற்றில் எதையாவது போடுவாளோ. சாப்பிட உட்கார்ந்தாலும் இதே நினைப்புத்தான். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அடுத்த வாய் இறங்கும்.

முதலில், கூரையில் கறையான் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். செங்கமலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு, கிணற்றுக் கயிறு தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். செங்கமலம் ஈரத்துணியோடு நின்றாள்.

மூன்றாம் முறை போனபோது வீட்டில் யாரும் இல்லை. தாழி கசிந்து தரை கெட்டுவிடுமோ என்ற பயம் வந்தது. உள்ளே எவ்வளவு இருக்கிறது பார்ப்போம் என்று களிமண்ணைப் பெயர்த்து மூடியைத் தூக்கினாள். நாற்றம் தாங்காமல் திரும்ப மூடிவிட்டு வந்தாள்.

அந்தத் தாழியில் நனைத்த துணியெல்லாம் சாம்பல் நிறத்தில் வந்தது. வணிகர்கள் துணியை வீசிவிட்டுப் போனார்கள். தாழி வாயில் பெயர்ந்திருந்த களிமண்ணைப் பார்த்து யார் வேலை என்று தெரிந்துகொண்ட செங்கமலம், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள்.

வடிவுடையாள் கதவைத் தட்டினாள். "என் வீட்டுக் கதவை எனக்கே சாத்துறியா?"

ஜன்னலில் செங்கமலத்தின் முகம் தெரிந்தது. "வாடகை தவறாமத் தர்றேன் அம்மா. சாப்பிடும்போது வர்றீங்க, குளிக்கும்போது வர்றீங்க. எங்க வீட்டு உலையில என்ன கொதிக்குதுன்னு எனக்கு முந்தி உங்களுக்குத் தெரியுது. போதும்."

வழக்கு அரசியிடம் போனது. தாழி திறந்ததையும் துணி கெட்டதையும் செங்கமலம் சொன்னாள்.

"தாயே, கல்லும் மரமும் என் புருஷன் சுமந்தது. நான் எப்ப வேணா போவேன்" என்றாள் வடிவுடையாள்.

"அப்படியானா வாடகையை எதுக்கும்மா வாங்குறீங்க?" என்றாள் செங்கமலம்.

அரசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வடிவுடையாள், நீ நினைத்த நேரத்தில் போகலாம். ஆனால் நினைத்த நேரத்தில் உள்ளே போகிறவளே உள்ளே இருக்கும் பொருளுக்கும் பொறுப்பு. பானை உடைந்தாலும் தாழி கெட்டாலும் நீதான் ஈடு தரவேண்டும். தர முடியாவிட்டால் அந்த வீட்டை அவளுக்கே கொடுத்துவிடு."

செங்கமலத்துக்கு முகம் வாடிப்போயிற்று. வடிவுடையாளோ தலை நிமிர்ந்து வீடு திரும்பினாள். பின் அரசி சொன்ன கடைசி வாக்கியம் உறைத்தது. அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை.

செங்கமலம் புதுத் தாழி போட்டாள். "அம்மா, துணி அலச ஆத்துக்குப் போறேன். பொறுப்பு உங்களது" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினாள்.

வடிவுடையாள் ஓடி வந்தாள். பூனை நுழைந்தது, துரத்தினாள். தூறல் விழுந்தது, ஓட்டில் ஒழுகிய இடத்தில் சட்டி ஏந்தி நின்றாள். அப்போது தாழிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. குளுக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். குளுக்.

சாயம் கெடுகிறதோ? திறந்து பார்த்தால் தெரியும். ஆனால் திறந்தாலே கெட்டுவிடும். திறக்காவிட்டால், கெட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? கை மூடிவரை போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள்.

செங்கமலம் திரும்பி வந்து அவளைப் பார்த்தாள். "அது அப்படித்தான் பேசும் அம்மா. பழுக்குதுன்னு அர்த்தம்."

"தெனமும் பேசுமா?"

"பழுக்கிற வரைக்கும் பேசும்."

வடிவுடையாள் அங்கிருந்து நேராக அரண்மனைக்குப் போனாள். பூனை வந்ததையும் கூரை ஒழுகியதையும் தாழி பேசியதையும் அழுதபடியே சொன்னாள்.

"ஜெயித்தவள் ஏன் அழுகிறாய்?" என்றாள் அரசி.

"ஜெயிச்சது போதும் தாயே. அந்தத் தீர்ப்பைத் திருப்பி எடுத்துக்குங்க. அவ வீட்டை அவளே பாத்துக்கட்டும்."

'அவ வீடு' என்று தன் வாயிலிருந்து வந்த சொல்லை அவளே கவனிக்கவில்லை. அரசி கவனித்தாள்.

"சரி. கெட்ட துணிக்கு ஈடாக ஒரு மாத வாடகையை விட்டுக்கொடு. ஒழுகுகிற கூரை ஓட்டை மாற்றுவது உன் வேலை. அதற்குப் போவதை முதல் நாளே சொல். வாசலில் நின்று குரல் கொடு. வா என்றால் போ. செங்கமலமும் வீட்டில் எது கெட்டாலும் மறைக்காமல் உன்னிடம் சொல்லவேண்டும்."

வடிவுடையாள் முதல் நாளே சொல்லியனுப்பிவிட்டு, மறுநாள் ஓடு மாற்றுகிறவனைக் கூட்டிக்கொண்டு போனாள். புருஷன் கட்டிய வீட்டு வாசலில், வேற்று ஆள் மாதிரி நின்றாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பிறகு, "செங்கமலம், வரலாமா?" என்றாள்.

"இருங்கம்மா, கையெல்லாம் நீலமா இருக்கு. கழுவிட்டு வந்து திறக்கிறேன்."

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளினால் திறக்கும். வடிவுடையாளின் கால் ஒருமுறை முன்னே போனது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நின்றாள்.

ஆகவே பெரியவர்களே, பிள்ளைகளே, வீடு சொந்தமாகவே இருந்தாலும், அதை வாடகைக்கு விட்டவர்கள் குடியிருப்பவரின் சம்மதம் கேட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.