மாரீஸ்வரிக்கு ஒரு கார்டு

மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மருந்துக் கடையின் மாடியில் அமலோற்பவம் கம்ப்யூட்டர் கட்டிவந்தார். அவர் கட்டியதெல்லாம் சின்னவை. ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். பெரியது கேட்டு வருகிறவர்களை வேறு கடைக்கு அனுப்பிவிடுவார்.

சின்னது கேட்டு வருகிறவர்களுக்கும் அவர் கட்டித் தந்ததில்லை. பக்கத்தில் உட்காரவைத்து அவர்கள் கையாலேயே கட்டவைப்பார்.

"நெருக்கமான இடம். ஒரு வயர் நகர்ந்தாலும் ஃபேன்ல மாட்டும். அப்ப நான் உங்க வீட்ல இருக்க மாட்டேன்" என்பார்.

அதனால் அவரிடம் வந்தவர்கள் வாடிக்கையாளர்களாக வந்து மாணவர்களாகிப் போனார்கள். அப்படி ஆனவர்களில் ஒருவர் வேலாயுதம். வந்தவர்கள் டீச்சர் என்று கூப்பிட்ட அமலோற்பவத்தைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஆலை இரைச்சலில் காது பாதி போயிருந்தது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தபடிதான் பேசுவார்.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"இருக்கறதுலயே பெரிய கிராபிக்ஸ் கார்டு. இருக்கறதுலயே சின்ன கேபினெட்டுக்குள்ள."

"யாருக்கு?"

"எம் மகளுக்கு."

மகள் மாரீஸ்வரி சென்னையில் அனிமேஷன் வேலை பார்த்தவள். தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுவிடும் ஒரு நோய் அவளைப் பிடித்தது. முதலில் கால் போனது. வேலையை விட்டு அப்பாவிடம் வந்துவிட்டாள். அம்மா முன்பே இறந்துபோயிருந்தாள். பிறகு தோள், கழுத்து. வலது கை விரல்களில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் சொந்தமாக ஒரு படம் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு பெண் கிணற்றில் குதிக்கிறாள். தண்ணீருக்குள் நீந்துகிறாள். மேலே வருகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் லேசில் வராது. ஒவ்வொரு அலைக்கும் ஒவ்வொரு குமிழிக்கும் கார்டு கணக்குப் போட வேண்டும். வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் பெரியது. மூச்சு முட்டி மதுரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதெல்லாம் அது ராஜபாளையத்தில் கிடக்கும், வேலையும் கிடக்கும்.

"கட்டில் பக்கத்துல மாத்திரை வைக்க ஒரு சின்ன அலமாரி குடுப்பாங்கல்ல, அது மேல நிக்கணும் டீச்சர்" என்றார் வேலாயுதம்.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"படத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கன்னாரு."

அமலோற்பவம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

முதலில் கம்ப்யூட்டர் பாகங்களை அடைக்கும் பெட்டியான கேபினெட் ஒன்றைக் காலியாகக் கொடுத்தார். ஒரு பெரிய டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். கூடவே அட்டையும் கத்தரிக்கோலும்.

"நீங்க ஆசைப்படுற கார்டு எம்புட்டு நீளம், எம்புட்டு உயரம், எம்புட்டுத் தடிமன்னு பார்த்து வெட்டுங்க. உள்ள வச்சுப் பாருங்க."

வேலாயுதம் வெட்டினார். மூன்று ஃபேன் வைத்த கார்டின் அளவு. உள்ளே போகவில்லை.

"முன்பக்கத் தகட்டை அரத்தால கொஞ்சம் ராவிட்டா போயிரும்" என்றார்.

"ராவுங்க."

ஃபிட்டர் கை. தகடு சுத்தமாக வழிவிட்டது. அட்டை உள்ளே போய் இறுகி உட்கார்ந்தது. வேலாயுதத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"மூடியைப் போடுங்க."

போட்டார்.

"ஃபேன் வர்ற பக்கம் மூடியோட ஒட்டிருச்சு. இப்ப உள்ளங்கையால மூக்கையும் வாயையும் அழுத்தி மூடிக்கங்க. மூச்சு விடுங்க."

அவர் கையைத் தூக்கினார். பாதி வழியில் கை நின்றது. கீழே இறங்கியது.

"புரியுது டீச்சர்" என்றார். மூடியைக் கழற்றி, அட்டையை உருவி, கிழித்துப் போட்டார்.

இரண்டாவதாக அவர் தேர்ந்தெடுத்தது அளவான கார்டு. இரண்டு ஃபேன். தண்ணீர்க் காட்சிக்குத் தேவையான நினைவகம் அதில் இருந்தது. பவர் சப்ளையின் வயர் அதன் ஓரத்தில் கூர்மையாக மடங்கி நின்றதைப் பார்த்து அமலோற்பவம் எல்லாவற்றையும் கழற்றவைத்தார். மறுபடி கட்டவைத்தார். மறுபடி கழற்றவைத்தார். மறுபடி மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மகள் தூங்கும் மதிய நேரங்களில் வேலாயுதம் வந்து உட்கார்ந்து கட்டினார். கடைசியில் வயர்கள் எதையும் தொடாமல் ஓரமாகப் படுத்தன.

ஒரு தண்ணீர்க் காட்சியை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஃபேன்கள் கத்த ஆரம்பித்தன. சின்ன இடத்தில் அடைபட்ட சூடு வெளியேற வேறு வழி இல்லை. கீழே மருந்துக் கடையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

வேலாயுதம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா வேகம் டீச்சர்!"

"சத்தம்?"

"இது ஒரு சத்தமா? நான் ஆலையில இருந்தவன்."

"உங்க மக பேசுறது உங்களுக்குக் கேக்குதா அண்ணாச்சி?"

"இப்ப குரல் ரொம்ப இறங்கிருச்சு. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன்."

"மூச்சுக்கு மாஸ்க் போட்டிருப்பாங்களே."

வேலாயுதம் திரையை விட்டுவிட்டு ஃபேன்களைப் பார்த்தார்.

அமலோற்பவம் மவுஸை எடுத்து, கார்டு இழுக்கும் மின்சாரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார். ஃபேன்கள் மெல்ல அடங்கின. அறையில் சுவர்க் கடிகாரம் கேட்டது. திரையில் தண்ணீர் நகர்வதும் மெதுவானது.

"மதியத்துக்குள்ள முடியற காட்சி, இப்படின்னா ராத்திரி ஆகும்" என்றார்.

"அவகிட்ட அவ்வளவு நாள் இல்லையே."

"தெரியும்."

"ரெண்டும் வேணும் டீச்சர். வேகமும் வேணும், சத்தமும் கூடாது. அப்படி ஒரு கார்டு இல்லையா?"

"இருக்கு. இந்த கேபினெட்டுல போகாது."

"பெரிய கேபினெட்?"

"ஆஸ்பத்திரி அலமாரியில நிக்காது."

வேலாயுதம் கேபினெட்டைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"நீங்க சொல்லுங்க. எது சரி?"

அமலோற்பவம் கேபினெட்டைத் துணிப்பையில் வைத்து அவர் கையில் கொடுத்தார்.

"படம் யாரோடது? அவளைக் கேளுங்க."

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வேலாயுதம் கம்ப்யூட்டரை வைத்தார். அலமாரி மேல் அது கச்சிதமாக நின்றது. மாரீஸ்வரி அதை ஓரக்கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தாள். அன்று மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்திருந்தார்கள்.

"நீயா கட்டுன?"

"நாந்தான்."

"அழகா இருக்குப்பா."

அவர் விஷயத்தைச் சொன்னார். இப்படி வைத்தால் வேகம், அப்படி வைத்தால் அமைதி.

"வேகம்" என்றாள் உடனே.

"சத்தம் போடுமேத்தா. நீ பேசுறது எனக்குக் கேக்காது."

அவள் உதடுகள் மெதுவாக அசைந்தன. அவர் குனிந்து பார்த்தார்.

"உனக்குத்தானே கேக்காது? எனக்கு நல்லாக் கேக்கும். நீ பேசு."

அப்படித்தான் ஆனது. ஃபேன்கள் கத்தின. வேலாயுதம் கத்திக் கத்திப் பேசினார். வார்டில் யார் வீட்டுக்குப் போனார்கள், கேன்டீனில் பொங்கல் எவ்வளவு மோசம், ஆலையில் ஒருமுறை பாம்பு புகுந்தபோது சூப்பர்வைசர் எங்கே ஏறி நின்றார் என்பதெல்லாம். மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன. விரல்கள் மவுஸைப் பிடித்து மெல்ல மெல்ல ஊர்ந்தன. பெண் கிணற்றில் குதித்தாள். குமிழிகள் எழுந்தன. கூந்தல் தண்ணீரில் பிரிந்தது.

பிறகு விரல்களும் நின்றன. அதற்குப் பிறகு மாஸ்க்கைக் கழற்றவே முடியவில்லை. அவள் கண்ணால் காட்ட, வேலாயுதம் மவுஸை நகர்த்தினார். அவளுக்கு வேண்டியது அவருக்குப் பாதிதான் புரிந்தது. தப்பாக நகர்த்தினால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மறுபடி நகர்த்துவார்.

மாரீஸ்வரி ஒரு முற்பகலில் இறந்துபோனாள். படம் முடியவில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு வேலாயுதம் அதே துணிப்பையோடு மாடிப்படி ஏறிவந்தார். அமலோற்பவம் எழுந்து நின்றார். தகவல் முன்பே வந்திருந்தது.

"உட்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"கடைசியா என்னமோ சொன்னா டீச்சர்."

அமலோற்பவம் காத்திருந்தார்.

"காலையில இருந்து ஒரு காட்சி ஓடிட்டு இருந்துச்சு. அந்தப் பொண்ணு மேல வர்ற காட்சி. பாதி தாண்டிருச்சு. அப்ப என்னையப் பார்த்தா. மாஸ்க்குக்குள்ள வாய் அசையுது. காதைக் கொண்டுபோய் அவ முகத்துல வச்சேன். ஃபேன் சத்தம்தான் கேக்குது. வேற ஒண்ணும் கேக்கல."

பையின் காதை விரலில் சுற்றினார்.

"ஒரு பட்டனை அமுக்கியிருந்தா நின்னிருக்கும். நிறுத்துனா அந்தக் காட்சி மறுபடி முதல்ல இருந்து ஓடணும். பாவம், அவ எம்புட்டுப் பாடுபட்டது. முடியட்டும், அப்புறம் கேட்டுக்கலாம்னு நெனச்சேன். அதனால..."

"அதனால?"

"கேட்ட மாதிரி தலையாட்டிட்டேன்."

கீழே சந்தில் ஒரு ஆட்டோ திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் தலையாட்டுனதைப் பார்த்தா. கண்ணை மூடிக்கிட்டா. புரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சு மூடுனாளா, புரியலைன்னு தெரிஞ்சு மூடுனாளா? தப்பா நகர்த்துனாலும் அப்படித்தான் மூடுவா டீச்சர்."

அமலோற்பவம் கையை நீட்டிப் பையை வாங்கினார். கம்ப்யூட்டரை எடுத்து மேஜை மேல் வைத்து, திரையோடு இணைத்து, உயிர் கொடுத்தார்.

"வேணாம் டீச்சர்."

"நான் இன்னும் பார்க்கல அண்ணாச்சி."

அவர் தடுக்கவில்லை.

ஒரு பெண் கிணற்று மதிலிலிருந்து பாய்ந்தாள். தண்ணீர் உடைந்து வெள்ளையாகச் சிதறியது. உள்ளே பச்சை. மேலேயிருந்து வெயில் கோடுகோடாக இறங்கியது. அவள் ஆழத்துக்குப் போனாள். பாசி படிந்த படிகளைத் தொட்டாள். உடம்பில் ஒரு இடம் விடாமல் எல்லாம் அசைந்தது. விரல், தோள், கழுத்து, கால். திரும்பினாள். வெளிச்சத்தைப் பார்த்து முகத்தைத் தூக்கினாள். கையை மேலே நீட்டினாள்.

திரை சாம்பல் நிறமானது.

முடிந்த காட்சிகளைக் காட்டக் கார்டு உழைக்க வேண்டியதில்லை. ஃபேன்கள் சுற்றுவது தெரியவே இல்லை.

"இப்ப பாருங்க, எம்புட்டு அமைதியா இருக்கு" என்றார் வேலாயுதம். சிரிப்பது போல ஏதோ செய்தார். அது வரவில்லை.

"மேல வரவே இல்லையே டீச்சர். அந்தக் காட்சி முடியுறதுக்கு முன்னாடியே அவ போயிட்டா. டாக்டர், நர்ஸுன்னு ஆளுக நுழையற அவசரத்துல யாரோ பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. அவ சொன்னதும் கேக்கல, படமும் முடியல."

அமலோற்பவம் மவுஸை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன். ஆறுதல் சொல்லாதீங்க. மின்சாரத்தைக் குறைச்சு வச்சிருந்தா அன்னிக்கு அவ சொன்னது எனக்குக் கேட்டிருக்குமா?"

அமலோற்பவம் அவர் உதட்டைப் பார்க்க வசதியாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேட்டிருக்கலாம்."

"படம்?"

"அந்தப் பொண்ணு கிணத்துல குதிச்சிருப்பா. தண்ணிக்குள்ள போயிருக்க மாட்டா."

வேலாயுதம் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. அமலோற்பவம் எழுந்து கதவைச் சாத்தினார். தண்ணீர் ஊற்றிவந்து பக்கத்தில் வைத்தார். அவர் அதைத் தொடவில்லை.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"அவ கேட்டதைத்தான் குடுத்தேன். அது தெரியும். ஆனா அன்னிக்கு நீங்க அவளைக் கேக்கச் சொன்னீங்க, எனக்குன்னு எதுவும் சொல்லல. இப்பயாவது சொல்லுங்க டீச்சர். நான் எதை எடுத்திருக்கணும்?"

அமலோற்பவம் சாம்பல் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லும் உதட்டில் தெரியும்படி நிதானமாகச் சொன்னார்:

"எதை எடுத்திருந்தாலும் மத்ததைக் கேட்டு இன்னிக்கு இங்க வந்திருப்பீங்க, அண்ணாச்சி."