நூற்று முப்பது வருசமாக அணையாத அடுப்பு

பெண் பார்க்க வந்த வீட்டில் தாய்மாமா தர்மநேசன் வாயைத் திறந்ததுமே ஜெபசிங் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டான். அர்ஜென்டினாவில், மாட்டிறைச்சியைக் கனலில் சுட்டுப் போடும் ஒரு ஓட்டலில் அவனுக்கு மூன்று வருசமாக வேலை. மாமா திருச்செந்தூரைத் தாண்டியதில்லை. ஆனாலும் ஓட்டலின் சரித்திரம் முழுக்க அவரிடம்தான் இருந்தது.

"நூத்தி முப்பது வருசத்துக்கு முன்னால பத்தவச்ச அடுப்பு. இன்னும் அணையல. ஓட்டலை வேற தெருவுக்கு மாத்தினப்போ, எரியுத அடுப்பை டிராம் வண்டியில சீட்டு எடுத்து உக்காரவச்சுல்லா கொண்டுபோனான்."

பெண்ணின் அப்பா சாலமோன், துறைமுகத்தில் சரக்கு எடை பார்த்து ஓய்வு பெற்றவர். "அத்தனை வருசச் சாம்பலை எங்கவே கொட்டினான்?"

"பூகோளத்துல ஆண்டிஸ் மலைன்னு படிச்சிருப்பீரே. அது என்னன்னு நினைச்சீரு?"

சாலமோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெபசிங் மாமாவின் காலை மிதித்தான். மாமா காலை உள்ளிழுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

"கறி அம்புட்டு மெதுவு. கத்தியே கிடையாது. கத்தி படத்தைக் காட்டினாப் போதும், துண்டாயிரும். வரிசையில நின்ன ஒருத்தனுக்கு அங்கயே கல்யாணமாகி, பிள்ளை பெறந்து, அதுக்கு ஞானஸ்நானமும் ஆச்சு. கடைசியில அந்தப் பிள்ளைதான் உள்ள போய்ச் சாப்பிட்டுது. புகை மேல போய் மேகத்துல கலந்துருதா, மழை பெஞ்சா மூணு ஊர்ல வெறுஞ்சோத்தை முற்றத்துல வைப்பான். குழம்பு வேண்டாம்."

"மாடு எங்கயிருந்துவே வருது?" என்றார் சாலமோன்.

"தானா வரும். இந்த ஓட்டல்ல வேண்டாம்னு திருப்பி அனுப்பினா, வெக்கத்துல ஊருக்கே போகாது."

பெண் எஸ்கலின், ஜெபசிங்கைப் பார்த்துக் கேட்டாள். "அங்க நீங்க என்ன வேலை பாக்கீங்க?"

"இவன் இல்லாட்டா ஓட்டலே..." என்று மாமா ஆரம்பித்தார்.

"தட்டு கழுவுதேன்," என்றான் ஜெபசிங். போச்சு, கல்யாணம் கைநழுவிவிட்டது என்றே நினைத்தான்.

மாமா அதையும் விடவில்லை. "சாதாரணத் தட்டா? இவன் கழுவின தட்டுல வெளிச்சம் பட்டு, நடுக்கடல்ல கப்பக்காரன் கலங்கரை விளக்கம்னு நினைச்சு..."

"அப்பா," என்றாள் எஸ்கலின். "இவ்வளவு நேரத்துல நம்புத மாதிரி ஒரு சொல்லு வந்துருக்கு. எனக்குச் சம்மதம்."