மாவும் கரண்டியும்

அந்தப் பம்ப்செட் கம்பெனியில் நடந்த கூத்தைக் கேளுங்கள். பில்லுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று என்று சாஃப்ட்வேரைத் துண்டு துண்டாகச் செய்து, எல்லாப் பிரிவும் அதையே பொதுவில் பயன்படுத்துவதென்று முடிவானது. அதை யார் முன்னின்று நடத்துவது? விற்பனைத் தலைவர் கோதண்டமா, கணினித் தலைவர் டைட்டஸா? இருவரும் முட்டிக்கொண்டார்கள். கோதண்டத்துக்கு எல்லாம் அரைகுறையானாலும் இன்றைக்கே வேண்டும்; டைட்டஸோ யாரையும் கேட்காமல் தன் போக்கில் செய்துகொண்டே போவார்.

முதலாளி, புதிதாய்ச் சேர்ந்த ஜெனிட்டாவைப் பிடித்தார். "ரெண்டு பேரும் வாயடைச்சுப் போற மாதிரி ஒரே பேர் சொல்லு. மதியச் சாப்பாடு முடியறதுக்குள்ள சொல்லலேன்னா வீட்டுக்குப் போ."

ஜெனிட்டா நேரே கேன்டீனுக்குப் போனாள்.

மதியம் தோசை கேட்ட கோதண்டத்துக்கு ஜெனிட்டாவே தட்டில் பச்சை மாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னம்மா இது?"

"தோசைதான் சார். கல்லு காயற வரைக்கும் காத்திருக்க உங்களுக்குத்தான் பிடிக்காதே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைட்டஸ் விழுந்து விழுந்து சிரித்தபடி தன் தட்டின் மூடியைத் தூக்கினார். உள்ளே பளபளவென்று நாலு கரண்டி.

"எந்தச் சமையலுக்கும் ஆகும் சார். யாருக்கு என்ன வேணும்னுதான் இன்னும் கேக்கல."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, பேரைச் சொல்லு" என்றார்.

"பசிக்கிறவருதான் என்ன வேணும்னு சொல்லணும் சார். அது கோதண்டம் சார். ஆனா அடுப்பை மட்டும் அவர் தொடக்கூடாது, அது டைட்டஸ் சார் வேலை."

கோதண்டம் மாவுத் தட்டை மெல்ல டைட்டஸ் பக்கம் நகர்த்தினார்.