உப்புக்கொத்தியின் நாட்டியம்

குருவைவிடச் சீடர் இருபது வயது மூத்தவர். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பலவேசம், பியூலாவிடம் பறவைகளைப் படமெடுக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை சார் என்றாள்.

பியூலா ஆண்டுதோறும் மாணவர்களின் படங்களைக் கண்காட்சியாக வைப்பாள். பலவேசத்தின் படம் ஒருமுறைகூடச் சுவரேறியதில்லை. குறை சொல்லும்படி எதுவும் இருக்காது. நின்று பார்க்கும்படியும் எதுவும் இருக்காது. போன கண்காட்சியில் அவர் மனைவி கூடம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டு, "நீங்க எடுத்தது வெளியில மாட்டியிருக்கா?" என்று கேட்டாள்.

சித்திரையில் ஒருநாள் பியூலாவும் மாணவர்களும் உப்பளங்களை ஒட்டிய சரணாலயத்துக்குப் போனார்கள். விடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். வெயில் ஏறிய பிறகு பார்வைக் கோபுரத்தடியில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பலவேசம் கடைசியாக வந்தார். தலையில் தொப்பி இல்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"டீச்சர், இந்தத் தடவை நான் சுவர்ல ஏறிட்டேன்."

கேமராவை நீட்டினார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

ஓர் உப்புக்கொத்தி. கைக்குள் அடங்கும் பறவை. வெடித்த சேற்றின் மேல் ஒரு சிறகை விசிறியாக விரித்துத் தரையில் சரித்திருந்தது. வாலை அகட்டி, கழுத்தை நீட்டி, நேராகக் கேமராவைப் பார்த்தது. பின்னால் உப்புக் குவியல்கள் வெள்ளையாகக் கரைந்திருந்தன. ஒவ்வொரு இறகும் தெரிந்தது.

துணிக்கடை காதர் மீரான் வாயைப் பிளந்தார்.

"அண்ணாச்சி, என்ன இது, பரதநாட்டியமா? என்ன சம்பளம் பேசினிய?"

"சம்பளமாவது! தானா வந்து போஸ் குடுத்துச்சுய்யா. அரை மணி நேரம். நான் போதும்னாலும் அது விடல."

"எங்களைக் கண்டா முதுகைக் காட்டிட்டுப் போகுது. உங்களைக் கண்டா ஆடுது. எல்லாம் முகராசி."

சிரிப்பு எழுந்தது. பியூலா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் படத்திலேருந்து காட்டுங்க சார்."

"முதல்ல உள்ளது எல்லாம் தூரம் டீச்சர். நல்லாருக்காது."

"பரவாயில்ல."

கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். முதலில் பறவை ஒரு புள்ளியாக, நிமிர்ந்து நின்றது. அடுத்து ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு சிறகு தொங்கியது. பிறகு பக்கத்தில் வந்திருந்தது; இரண்டு சிறகும் தொங்கின. பிறகு வயிறு தரையில் உரசியது. கடைசிப் படங்களில் அலகு திறந்திருந்தது.

"எங்க நின்னு எடுத்தீங்க?"

"அந்த இடிஞ்ச மடைகிட்ட."

"இடம் மாறினீங்களா?"

"ஒரு அடி நகரல டீச்சர்." பலவேசம் நிமிர்ந்தார். "நீங்க முதல் வகுப்புல சொன்னதுதானே. நாம நகர்ந்தா அது போயிடும், நாம நின்னா அது வரும். ஸ்டாண்டை ஊன்றிட்டு மரம் மாதிரி நின்னேன். அந்தப் பக்கம் ஓடும், திரும்பிப் பாக்கும். நான் வரலைன்னதும் மறுபடி என்கிட்டயே வரும். விழும், புரளும். அப்படி ஒரு பிரியம்."

பியூலா கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மேல வாங்க சார்."

மற்றவர்கள் இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். இருவரும் கோபுரத்தில் ஏறினார்கள். பியூலா தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரிடம் கொடுத்தாள்.

"மடையைப் பாருங்க."

"என் தொப்பி கிடக்கு. சந்தோஷத்துல விட்டுட்டு வந்துட்டேன். போய் எடுத்துட்டு வந்துடுறேன்."

"வேண்டாம். கிடக்கட்டும். பாருங்க."

அவர் பார்த்தார். சேறு. உப்பு. கானல். அதற்குள் எதுவோ ஓடியது. உப்புக்கொத்தி. நீரோரத்திலிருந்து வந்தது. வயிறு நனைந்து சொட்டியது. இரண்டு சிறகும் உடம்போடு ஒழுங்காகப் படிந்திருந்தன. ஓடியது, நின்றது, ஓடியது. தொப்பிக்கு ஒரு முழம் தள்ளி நின்று வயிற்று இறகுகளைப் பிரித்தது. இடமும் வலமும் அசைந்து உட்கார்ந்தது. சற்று நேரத்தில் எழுந்து மறுபடி நீரை நோக்கி ஓடியது.

"எதுக்கு நனைச்சுட்டு நனைச்சுட்டு வருது?"

"சூடு தணிக்க."

"எதோட சூடு?"

பலவேசம் தொலைநோக்கியை இறக்கினார். மறுபடி தூக்கிப் பார்த்தார். தொப்பிக்கு ஒரு முழம் தள்ளித்தான் அவர் ஸ்டாண்டை ஊன்றியிருந்தார். மூன்று கால்கள். பின்னால் அவருடைய இரண்டு.

"முட்டையா?"

"ம்."

"எனக்குத் தெரியலையே டீச்சர்."

"கண்ணுக்குத் தெரியாது. சேறு மாதிரியே இருக்கும்."

"அப்போ அந்தச் சிறகு?"

"சிறகுக்கு ஒண்ணும் இல்ல. அடிபட்ட மாதிரி நடிக்கும். பிடிக்க வர்றவன் பின்னாலேயே போவான். தூரமா கொண்டுபோய் விட்டுட்டுப் பறந்துடும்."

"நான் போகல."

"போகல."

கீழேயிருந்து காதர் குரல் கொடுத்தார். "அண்ணாச்சி! உங்க ஹீரோயினுக்கும் ரெண்டு இட்லி எடுத்து வைக்கட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பலவேசத்தின் காது மடல்கள் சுட்டன. வழுக்கைத் தலையைக் கையால் தடவினார். வெயில் அங்கே இன்னும் இருந்தது.

"பொரிக்குமா?"

"தெரியல சார்."

அவர் கேமராவை எடுத்தார். படத்தை அழிக்கும் பொத்தானைத் தேடினார்.

"நல்ல படம் சார் அது" என்றாள் பியூலா.

கேலி செய்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கேலி இல்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை.

"நகராதீங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள். "அதோட நிறுத்திட்டேன்."

அவர் கேமராவை அணைத்தார். கழுத்திலிருந்து வாரைக் கழற்றித் தரையில் வைத்தார். தூரத்தில் பறவை நனைந்து திரும்பியது.

"நான் ரசிச்சேன் டீச்சர். அது விழும்போதெல்லாம் பலே பலேன்னேன். சத்தமாச் சொன்னேன்."

பியூலா கோபுரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்னதான் செஞ்சிருக்கணும்? சொல்லுங்க."

"அது அந்தப் பாடுபட்டு ஏமாத்துச்சு. ஏமாந்திருக்கணும் சார்."